கையை விட்டால் நிற்கும் வின்ச்

“உன் கணக்கு பரிட்சையில ஓடும் பாப்பா. படகு ஏத்தறதுக்கு ஓடாது. தேரையே இழுக்கற ஊர் இது, ஒரு படகுக்குப் போயி மெஷின் கேக்கறியே” என்றார் சித்தப்பா.

நான் அப்போதுதான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்ததில்லை. அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மாவுக்கு அதுவும் வராது. ரிசல்ட் வந்த அன்று அப்பா தெருமுனை டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னார். அதனால் ‘கணக்கு’ என்ற சொல்லைச் சித்தப்பா இழுத்துச் சொன்ன விதம் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து உள்ளே போய்விட்டேன். ஆனால் நான் கேட்டது மெஷின் மேல் உள்ள ஆசையால் அல்ல.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஏரி மீன் குத்தகை எடுத்து வந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பும். தை பிறந்து தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கினால் வேலை ஆரம்பிக்கும். எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் முழுக்க, பரிசலில் போய்த்தான் வலை விட்டார்கள். பிறகு அணையில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஓடி ஓய்ந்த ஒரு மரப்படகு ஏலத்துக்கு வர, சித்தப்பா யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டார். கடலை ஒரு தடவைகூடப் பார்க்காத எங்கள் தெருவில், வீட்டு வாசலில் படகு வந்து நின்றது. “கப்பல்கார வூடு எது?” என்று கேட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு ஏரியில் வேலை முடிந்தால் படகை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேங்கிக்காலில் ஒரு வாரம் என்றால் அடுத்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். செங்கம் சாலைப் பட்டறை ஒன்றில் பழைய ஜீப் அச்சை வைத்துத் தாழ்வாக ஒரு டிரெய்லர் செய்தார்கள். அதை எங்கள் டிராக்டர் இழுக்கும். போவதில் பிரச்சினை இல்லை. தண்ணீரில் இருக்கும் படகை டிரெய்லர் மேல் ஏற்றுவதுதான் பிரச்சினை.

டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீர் ஓரம் வரை இறக்கி, அதன் மேல் இரண்டு பனங்கட்டைகளைச் சாய்வாக வைப்பார்கள். படகின் மூக்கில் கயிறு கட்டி ஆட்கள் முன்னாலிருந்து இழுப்பார்கள். அப்பா மட்டும் பின்னால், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தோளைக் கொடுத்துத் தள்ளுவார். ஒவ்வொரு முறையும் அவர்தான். “படகு எப்பிடிப் போவுதுன்னு பின்னாடி இருக்கறவனுக்குத்தான் தெரியும்” என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம், இழுக்கிற கைகளில் ஒன்றிரண்டு வழுக்கினாலும் அந்த எடை முழுவதும் போய் நிற்கப் போகிற இடம் அப்பாவின் மார்பு என்பதுதான். கிணறு வெட்டும் இடங்களில் கல்லைத் தூக்க, கைப்பிடியைச் சுற்றினால் இரும்புக் கயிறு உருளையில் சுருண்டு எடையை இழுக்கிற வின்ச் வைத்திருப்பதைப் பார்த்திருந்தேன். அப்படி ஒன்றை டிரெய்லர் முன்னால் மாட்டினால் படகுக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாமே என்று சொன்னேன். சித்தப்பாவின் பதிலைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

அந்த மாசி மாதம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பறிப்பு தொடங்கியதும் இழுக்க ஆள் கிடைக்கவில்லை. சித்தப்பா ஒரு யோசனை செய்தார். டிராக்டரை டிரெய்லரிலிருந்து கழற்றி முன்னால் கரைமேல் நிறுத்தி, படகின் மூக்கிலிருந்து டிராக்டர் வரை கயிறு கட்டி, டிராக்டரைக் கொண்டே படகை இழுத்து ஏற்றுவது. அதற்குத் தடித்த கயிறு வேண்டும். அது அவர் வீட்டிலேயே இருந்தது.

சின்னத் தேர் ஒன்றுக்குப் புது வடம் மாற்றிய ஒரு வருஷம், பழைய வடத்தில் ஒரு நீளம் சித்தப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார். என் மணிக்கட்டுத் தடிமன். வாசற்படிக்கு மேல் சுருட்டி மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் குங்குமம் வைப்பார்கள். வெளியே கிளம்புகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். நானும் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அப்படிச் செய்தவள்தான்.

“ரொம்ப நாளா வெயில்ல காஞ்ச கயிறு சித்தப்பா. உள்ள எப்பிடி இருக்குன்னு தெரியாது” என்றேன்.

“தேரை இழுத்த கயிறும்மா இது. இந்தப் படகு அதுக்கு ஜாஸ்தியா?”

ஏரிக்குக் கூட வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். தேர் ஓடுகிற வேகத்தைக் கட்டுப்படுத்த, சக்கரத்தடியில் மரக்கட்டையைச் செருகுவார்களே, அந்த வேலை. அவர் டிரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கும் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டை போட்டார். எல்லாரும் அதைச் சுற்றி வந்து பார்த்துத் திருப்திப்பட்டார்கள். தேர் என்றால் சக்கரத்தை நிறுத்தினால் போதும், தேர் நின்றுவிடும். இங்கே நிற்க வேண்டியது சக்கரம் அல்ல, அதன் மேல் ஏறிக்கொண்டிருக்கிற படகு. அதைப் பிடித்துக்கொள்ள அந்தக் கயிற்றைத் தவிர ஒன்றும் இல்லை. இவ்வளவு எளிய விஷயம் அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை. தேர் ஓடும் ஊரில் பிறந்திராவிட்டால் ஒருவேளை தோன்றியிருக்கும்.

சித்தப்பா டிராக்டரை மெல்ல நகர்த்தினார். அப்பா பின்னால் தோளைக் கொடுத்தார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அம்மா கூழ்ச் சட்டியோடு கரையில் அப்போதுதான் வந்து நின்றாள். காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். ஏதோ ஒன்று என் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. டிரெய்லர் ஒரு விரற்கடை அசையவில்லை. படகு மட்டும் வந்த வழியே இறங்கியது, நாங்கள் ஏற்றியதைவிடப் பல மடங்கு வேகத்தில்.

அப்பாவின் தலை தெரியவில்லை. பிறகு தண்ணீரில் ஒரு கை தெரிந்தது.

எல்லாரும் ஓடினோம். அறுந்த வடம் எங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே குறுக்கே சுருண்டு விழுந்திருந்தது. டிராக்டரிலிருந்து குதித்த சித்தப்பா, “வடத்த மிதிக்காதீங்க” என்று கத்தினார். வேண்டுமென்று கத்தவில்லை, வாயில் தானாக வந்துவிட்டது. ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள். வடத்தை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது என்பது நடை பழகும்போதே எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குப் பழக்கிவிடுவது. ஒருவர் அதைச் சுற்றிப் போக வழி தேடினார். ஒருவர் குனிந்து அதைக் கையில் எடுக்கப் போனார். என் கால்களும் நின்றன. விசை, சாய்தளம், உராய்வு எல்லாம் படித்த கால்கள்.

அம்மா நிற்கவில்லை. வருஷா வருஷம் அம்மன் தேரை இழுக்கப் பெண்களோடு போய், உள்ளங்கை கொப்பளித்துத் திரும்புகிறவள் அவள். கூழ்ச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு வடத்தை மிதித்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போனாள். படகின் அடியில் மாட்டிச் சேற்றில் அமுங்கிக் கிடந்த அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் வந்தது. படகை ஒரு பக்கமாகத் தூக்கி அப்பாவை இழுத்தோம்.

விலா எலும்புகள் முறிந்திருந்தன. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்துவிட்டு, மடியிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். உள்ளே அறுந்த வடத்தின் ஒரு முனை இருந்தது. எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. முனையைப் பார்த்தேன். வெளியே மட்டும்தான் கயிறு. உள்ளே மக்கிய நார், விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

தெருவில் ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, கிளம்பும்போது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். “வடத்த மிதிச்சிட்டியாமே?”

“மிதிச்சேன். அந்த ஆளு தண்ணிக்குள்ள இருந்தாரு” என்றாள் அம்மா. “அம்மன் தேரு இழுக்க இந்த வருசமும் போவேன். அவகிட்ட நான் பேசிக்கறேன், நீ டீ குடி.”

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மார்பில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த அப்பா ஒரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அடுத்த வாட்டி நல்ல கயிறா வாங்கிக்கலாம். நான் கொஞ்சம் ஓரமா நின்னுக்கறேன்.”

அடுத்த வாட்டி. ஓரமாக. அவர் மறுபடியும் அதே இடத்தில் நிற்கப் போகிறார். யாரும் அவரைத் தடுக்கப் போவதில்லை, ஏனென்றால் யாராவது ஒருவர் அங்கே நின்றே ஆக வேண்டும் என்று எல்லாருமே நம்பினார்கள்.

வின்ச் வேண்டாம் என்று சொல்லச் சித்தப்பாவுக்கு இப்போது வாய் இல்லை. தானாகவே போய், கிணறு வெட்டுகிறவர்களிடம் பழகின பழக்கத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். “ஊர்ல இருக்கற கல்லெல்லாம் தூக்கினது. இதுக்கு மேல இன்னா வேணும்?” என்றார்.

தேரை இழுத்த கயிறு என்று சொன்ன அதே குரல். அதனால் அதை டிரெய்லரில் மாட்டும் முன் வீட்டுப் பின்பக்கம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். துவைக்கிற கல்லுக்கு எதிரே இருந்த முளையில் வின்ச்சைக் கட்டினோம். இரண்டு பலகைகளைச் சாய்த்து, வேலிக்கு நடுகிற கருங்கல் தூண் ஒன்றை அதன் மேல் வைத்து இரும்புக் கயிற்றில் மாட்டினோம். அந்த வின்ச்சில் பல்சக்கரத்தின் மேல் ஒரு நாக்கு விழும். நாக்கு விழுந்திருந்தால் சக்கரம் பின்னால் போகாது. ஆனால் எதையாவது இறக்க வேண்டுமானால் நாக்கைத் தூக்கிவிட்டு, எடை முழுவதையும் கைப்பிடியில் தாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கிணற்று மேட்டில் அதற்கென்றே பழகியவர்கள் இருப்பார்கள். ஏரிக் கரையில் எங்கள் கைகள் சேறாக இருக்கும், நாலு பேர் நாலு விதமாகக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

நான் தூணைப் பலகையின் மேல்முனை வரை சுற்றி ஏற்றினேன். பிறகு நாக்கைத் தூக்கி வைத்தேன்.

“எல்லாரும் தள்ளிப் போங்க. நான் கைய விடப் போறேன்.”

“கைய ஏன் விடற? யாராச்சும் வேணும்னே விடுவாங்களா?” என்றார் சித்தப்பா. இருந்த இடத்திலிருந்து அவர் அரை அடிகூட நகரவில்லை.

நான் விட்டுவிட்டுப் பின்னால் குதித்தேன். கைப்பிடி சுழன்றது என்று சொல்வது சரியல்ல. கைப்பிடி இருந்த இடத்தில் அது கண்ணுக்கே தெரியவில்லை. தூண் இறங்கி, துவைக்கிற கல்லின் ஒரு மூலையைப் பெயர்த்துக்கொண்டு போனது. சித்தப்பாவின் தோளில் கிடந்த துண்டைக் கைப்பிடி பிடுங்கி, சுருட்டி, கந்தலாக்கி வைத்திருந்தது. அவர் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தக் கந்தலைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

“கையா இருந்திருந்தா?” என்றார், யாரிடமும் கேட்காத மாதிரி.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “துவைக்கிற கல்லு எனக்கு வேற வாங்கித் தந்துட்டுப் போங்க” என்றாள்.

ஆனால் சித்தப்பா கேட்ட கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. யாராவது வேண்டுமென்றே விடுவார்களா? விட மாட்டார்கள். எங்கள் ஊரில் பிடித்த வடத்தைத் தேர் நிலைக்கு வரும் வரை விடக் கூடாது. அதனால் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை. எவ்வளவு எடை, எவ்வளவு சாய்வு, எத்தனை பல் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மெட்ராஸ் போனேன். பாரிமுனைக்குப் பின்னால், கப்பலிலிருந்து கழற்றி வந்த பழைய சாமான்கள் விற்கும் தெரு. கடைக்காரர் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார்.

“இன்னா வோணும் பெரியவரே?”

“எனக்குத் தெரியாதுப்பா. பொண்ணு சொல்லும்.”

அவர் வேண்டாவெறுப்பாக என் பக்கம் திரும்பினார். “எத்தினி டன்னு இழுக்கணும்?”

“டன்னு அப்பறம் சொல்றேன். கைய விட்டா இன்னா ஆவும், அதச் சொல்லுங்க.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “கைய ஏம்மா வுடணும்? கெட்டியா புடிச்சிக்கறதுதானே.”

“வுட்டுடுவாங்கப்பா. நான் பாத்திருக்கேன்” என்றார் அப்பா. சத்தம் போடாமல்தான் சொன்னார். கடைக்காரரின் சிரிப்பு நின்றது.

மூன்றை எடுத்துவந்து மேசை விளிம்பில் ஒவ்வொன்றாக மாட்டினார். சங்கிலித் துண்டுகள் அடைத்த ஒரு மூட்டையைத் தொங்கவிட்டார். முதலாவது புதுசு, பளபளவென்று இருந்தது. சீக்கிரம் ஏற்றும், ஆனால் சுற்ற என் இரண்டு கையும் போதவில்லை. இரண்டாவதில் கிணற்று வின்ச் போலவே நாக்கு. அதைப் பார்த்ததும் நகர்த்தி வைத்துவிட்டேன். மூன்றாவது பெயின்ட் உரிந்து, பூசணிக்காய் மாதிரி பருத்து, பார்க்க அழகே இல்லாதது. சுற்றச் சுற்ற மூட்டை ஏறுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் சுற்றுவதற்கு ஒரு கை போதும்.

“இது ரொம்ப மெதுவும்மா” என்றார் கடைக்காரர். “ஒரு படகு ஏத்தறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துர்லாம்.”

“குடிச்சிட்டே ஏத்தறோம்” என்றேன்.

மூட்டை இடுப்பு உயரத்துக்கு வந்தது. கையை விட்டேன். கடைக்காரரே ஒரு அடி பின்னால் போனார். நான் கண்ணை இறுக மூடியிருந்தேன் என்பது திறந்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடி நான் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. உள்ளே பிரேக் இருக்கிறது, எடை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுகும், இறக்க வேண்டுமானால் கைப்பிடியைத் திருப்பிச் சுற்ற வேண்டும் என்று கடைக்காரர் விளக்கினார். பாதிதான் காதில் விழுந்தது. இப்படி ஒரு பொருள் உலகத்தில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அது ஒரு பழைய சாமான் கடையில் தூசி படிந்து கிடந்திருக்கிறது. அப்பா அதே நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறார்.

அப்பா குனிந்து, தொங்குகிற மூட்டைக்கு அடியில் தன் உள்ளங்கையை நீட்டினார். மூட்டையைத் தொடாமல், அதற்கும் கைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். இன்னொரு கை விலாவின் மேல் இருந்தது.

பிறகு நான் டன் கணக்குக்கு வந்தேன். படகின் எடையில் சாய்வுக்கு ஏற்ற ஒரு பங்கைத்தான் இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஏரிச் சேறு பிடித்துக்கொண்ட படகு இரண்டு படகு. அந்த மூன்றாவது மாதிரியிலேயே, கணக்கு காட்டியதைவிடப் பெரியதாக ஒன்றை எடுத்தேன். பஸ்ஸில் அதை எங்கள் காலடியில் வைத்துக்கொண்டு வந்தோம். திண்டிவனம் தாண்டியதும் அப்பா, “அப்போ பின்னாடி யாரு நிக்கிறது?” என்று கேட்டார்.

“யாரும் நிக்க வேணாம்ப்பா.”

“யாருமேவா?”

“யாருமே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் ஊர் மலை தெரிகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வின்ச் சாக்கில் சுற்றியபடியே கூடத்தில் கிடந்தது. பட்டறைக்காரரிடம் டிரெய்லரில் மாட்டித் தரக் கேட்டேன். “உங்க சித்தப்பா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்மா” என்றார். சித்தப்பா, “தீபம் முடியட்டும் பாப்பா, நல்ல நாளாப் பாத்து மாட்டிக்கலாம்” என்றார். கார்த்திகை தீபமும் முடிந்தது. அம்மா சொன்னபடியே அம்மன் தேர் இழுத்துவிட்டு வந்து, உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் நல்ல மழை. ஏரிகள் வழிகின்றன. போன வாரம் அப்பா வலையை எடுத்து வெயிலில் உலர்த்தினார். வழக்கமாக வாங்கும் கயிற்றுக்கடையில் புதுக் கயிறு விசாரித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதும் காதில் விழுந்தது.

நேற்றுக் காலை பட்டறைக்குப் போய்க் கை டிரில்லை மட்டும் இரவல் வாங்கிவந்தேன். தெருவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, டிரெய்லரின் முன்பக்கக் கழுத்தில் நானே துளைகளைப் போட்டேன். வின்ச்சைத் தூக்கி வைக்க அம்மா ஒரு கை கொடுத்தாள். போல்ட்டுகளை முடுக்கி, இரும்புக் கயிற்றைச் சுற்றியாகிவிட்டது. கைப்பிடியை, அதைச் சுற்றப் போகிற அம்மாவின் இடுப்பு உயரத்துக்குச் சரியாக வைத்திருக்கிறேன்.